ஒரு ‘இச்’ அதிகம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எழுத்துப் பிழையைக் கண்டால் கை அரிக்கும். விருதுநகரில் ஆசிரியராகப் போகிற பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து, அவர்கள் எழுதியதைத் திருத்தியே தலை நரைத்தவள் நான். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களை வாழ்த்துவதற்கு முன்னால் வாசலில் கட்டியிருக்கும் பதாகையைத் திருத்துவேன். அதனால் பல வீடுகளிலிருந்து எனக்குப் பத்திரிகையே வருவதில்லை.

இப்படிப்பட்டவளை மலேசியாவுக்கு அழைத்தது மலர்விழியின் அசாத்தியத் துணிச்சல். அவளும் என் தொழில்தான். சிரம்பான் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைத் தயார் செய்கிறவள். ஒரு கருத்தரங்கில் பழகி, அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தவள். “வந்து எங்க பிள்ளைங்களுக்கு ஒரு பட்டறை நடத்திட்டுப் போங்கக்கா, கொஞ்சம் பயப்படட்டும்” என்றாள். பயமுறுத்துவது எனக்குப் பிடித்த வேலை. கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப் போனவர் பாலா. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவர் மகள் யாழினி மலர்விழியின் மாணவி. மகளின் விரிவுரையாளர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக அந்த வாரம் முழுக்க லீவு போட்டிருந்தார். எங்கள் ஊரில் இப்படி ஓர் அப்பாவைப் பார்ப்பது கஷ்டம்.

“பசியாறிட்டீங்களா மேடம்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. காலை உணவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாங்கள் டிபன் என்று சொல்லித் திரிகையில் இவர்கள் இவ்வளவு நல்ல சொல்லைக் கையில் வைத்திருக்கிறார்களே என்று பூரித்துப்போய், “ஆச்சுங்க” என்றேன். எங்கள் ஊரில் ‘ஆச்சு’ என்றால் இன்னும் இரண்டு தரம் கேளுங்கள் என்று அர்த்தம். பாலா நேர்மையான மனிதர். ஆச்சு என்றால் ஆச்சு என்று எடுத்துக்கொண்டு வண்டியை விட்டார். நல்ல நல்ல கடைகளெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பின்னால் போய்க்கொண்டே இருந்தன.

சிரம்பானை ஒட்டிய அம்பாங்கான் வந்தபோது என் வயிறு வானொலியை மீறிச் சத்தம் போட்டது. பாலா திரும்பிப் பார்த்து, இந்த ஊர்ப் பேச்சில் வால் போல ஒட்டிக்கொள்ளும் ‘லா’வோடு கேட்டார். “மேடம், பசியாறிட்டேன்னு சொன்னீங்க லா?”

“அது மரியாதைக்குச் சொன்னதுங்க.”

“மரியாதைக்கெல்லாமா பட்டினி கிடப்பாங்க?” என்று வண்டியை ஒரு பாய் கடை முன்னால் நிறுத்தினார். ரொட்டி சானாய் வந்தது. எங்கள் ஊர் எண்ணெய்ப் புரோட்டா வீராப்பாக மொறுமொறுவென்று நிற்கும். இது தட்டில் விழுந்ததுமே பணிந்துவிடுகிறது. ஊருக்குத் துரோகம் செய்கிறோமே என்ற உறுத்தலோடு மூன்று சாப்பிட்டேன்.

கை கழுவப் போகும்போதுதான் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தேன். ‘உங்கள் மகிழ்ச்சியே எங்கள் முயற்ச்சி.’ போச்சு. கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. மகிழ்ச்சிக்கு நடுவில் ஒரு ‘ச்’ உண்டு. முயற்சிக்குக் கிடையாது. ‘ட்’, ‘ற்’ இந்த இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வரக் கூடாது. தமிழ்நாட்டிலும் பாதிப் பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். ஆனால் சொன்னால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நான் பலகையைக் காட்டிச் சொன்னதும் கடைக்காரர் பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அது தப்பே இல்ல மேடம். எங்க சாரு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு.”

“ஆமா மேடம்,” என்றார் பாலாவும். “மாணிக்கம் சாரு. நாங்க ரெண்டு பேரும் தோட்டத்துப் பள்ளியில ஒரே பெஞ்சு.”

நான் ஒருத்தி, எதிரே இருவர். அதிலும் ஒருவர் எனக்குச் சோறு போட்டவர். கையைக் கழுவிக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஆனால் அதற்குப் பிறகு வழியெல்லாம் அதுவே கண்ணில் பட்டது. தையல் கடையில் ‘பயிற்ச்சி’. மண்டபத்து வாசலில் ‘கண்காட்ச்சி’. இந்தப் பக்கம் பேருந்து நிறுத்தத்துக்குக்கூடக் கொம்பு வைத்தாற்போல் கூரை போடுகிறார்கள். அதை ரசிக்கவிடாமல் இந்த ‘ச்’ என்னைப் பிடுங்கியது. முத்தம் கொடுப்பதற்கும் ‘இச்’ என்றுதான் சொல்கிறோம். ‘இச்’ விஷயத்தில் இவ்வளவு தாராளமான ஊரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் பட்டறை. பயிற்சி ஆசிரியர்கள் ஒரு கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் சும்மா ஐந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொன்னேன். என் அனுபவத்தில் இதில் ஓர் உண்மை வெளிவரும். நாங்கள் நாலு வருடம் தொண்டை கிழியக் கற்பித்த உத்திகளையெல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு, தங்களுக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் எடுத்தவர் எப்படி நின்றாரோ அப்படியேதான் நிற்பார்கள். ஒரு பையன் இல்லாத மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். ஒரு பெண் இல்லாத முந்தானையை இழுத்துச் செருகினாள், போட்டிருந்தது சட்டை. இங்கேயும் அதே கதைதான் என்று எனக்கு ஒரே சிரிப்பு.

பிறகு நான் எழுந்து பலகையில் ‘பயிற்சி’ என்று எழுதினேன். முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பாலாவின் மகள் யாழினி.

“மேடம், சாரி. ஒரு ‘இச்’ விட்டுட்டீங்க.”

மலர்விழி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். என்னை, விருதுநகர் நடுங்கும் என்னை, ஒரு பிள்ளை திருத்துகிறாள்! “எங்கேம்மா விட்டேன்?” என்றேன். அவள் தயங்காமல் எழுந்து வந்தாள்.

“ரப்பர் மரத்துல பால் வடியறதுக்குச் சின்னக் கிண்ணம் வெப்பாங்கல்ல மேடம், அதுக்கு மங்குன்னு பேரு. இந்த ‘சி’ இருக்கே, அதான் பால். முன்னாடி ‘இச்’ங்கிற மங்கு வெக்கலன்னா பால் எல்லாம் தரையில ஊத்திடும். வளர்ச்சி, மகிழ்ச்சி, பயிற்ச்சி, காட்ச்சி. எங்க மாணிக்கம் சார் சொல்லிக் கொடுத்தது.”

சொல்லிவிட்டுப் பலகையை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினாள். அதுவும் சாருடையதாகத்தான் இருக்க வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமை வந்தது. இத்தனை வருடத்தில் ஒரு புள்ளி எழுத்தை விளக்க இவ்வளவு நல்ல உதாரணம் எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரே ஒரு குறை, பாதி தப்பு. மெதுவாகத்தான் சொன்னேன். ‘ர்’, ‘ழ்’ முன்னால் வந்தால் ‘இச்’ சரி, ‘ற்’, ‘ட்’ வந்தால் சரியில்லை என்று. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாதது ஒன்றைத் தெரிந்துகொண்ட முகமாக இல்லை. வீட்டில் யாரையோ நான் திட்டிவிட்டதைக் கேட்ட முகமாக இருந்தது.

மதியம் மலர்விழி என்னை மலாய்க்காரர் கடைக்குக் கூட்டிப் போனாள். மஞ்சள் குழம்பு, தேங்காய்ப்பால், பார்ப்பதற்குக் குழந்தைக்குக் கொடுப்பது போல் இருந்தது. “உறைப்புக்கா, பாத்து” என்றாள். “நான் விருதுநகர்” என்றேன். இரண்டாவது கவளத்தில் எனக்கு ஊர், பேர் இரண்டும் மறந்துவிட்டன. இந்தப் பகுதியின் குட்டி மிளகாயைப் பற்றி நான் இனி ஒரு வார்த்தை இளப்பமாகச் சொல்ல மாட்டேன். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மலர்விழி தன் கஷ்டத்தைச் சொன்னாள்.

“நாலு வருசமா அந்த ‘இச்’ச சிவப்பு மையில அடிச்சுக்கிட்டே இருக்கேன்க்கா. நான்தான் தெரியாம அடிக்கிறேன்னு யாழினி நெனச்சுக்கிட்டு இருந்திருக்கா. மத்தபடி இந்தக் கூட்டத்துல அவள மாதிரி டீச்சர் கிடையாது. ஆனா நாளான்னிக்கு அவளோட பிராக்டிகத்துல, அதான் பள்ளியில போய்ப் பாடம் நடத்துற பயிற்சியில, கடைசிப் பாடம், நான் உக்காந்து மார்க் போடணும். தமிழ் டீச்சர் பலகையில அந்த ‘இச்’ வந்துச்சுன்னா எப்படி பாஸ் போடுவேன்? திரும்பவும் ஒரு பருவம் செய்யணும்.”

“அதான் இப்போ தெரிஞ்சிடுச்சே, விட்டுடுவா.”

“அங்கதான் சிக்கல். அவ பாடம் நடத்துறது அவளே படிச்ச தோட்டத்துப் பள்ளி. அன்னிக்குப் பாடமே இந்தச் சொற்கள்தான். என் பிள்ள டீச்சர் ஆகுறதைப் பாக்கணும்னு மாணிக்கம் சார் வேற வர்றாரு. அவளேதான் கூப்பிட்டிருக்கா. அவர உக்கார வெச்சுக்கிட்டு அவர் சொன்னது தப்புன்னு எழுதணும். இல்லாட்டி பெயில் ஆகணும்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க பெரியவங்க. அவருகிட்டப் பக்குவமா முன்னாலயே சொல்லிடுங்கக்கா” என்றாள்.

இதற்குத்தான் எனக்குக் காரமான சாப்பாடு வாங்கிக் கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் பாலாவும் யாழினியும் முதலில் பள்ளியைக் காட்ட அழைத்துப் போனார்கள். கோலா சாவா என்ற ஊரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பள்ளியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அங்கே படித்தவர்கள் ஒற்றுமையான ஆட்கள். ரப்பர் மரமெல்லாம் எப்போதோ போய், செம்பனை என்று இவர்கள் சொல்லும் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது. ஆட்களும் சுங்கை காடுட், அம்பாங்கான் என்று டவுனுக்குப் போய்விட்டார்கள். நடுவில் பள்ளி மட்டும் பளிச்சென்று வெள்ளையடித்து நிற்கிறது. எங்கள் பக்கத்தில் ஊர் இருக்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருக்காது. இங்கே ஊரே இல்லை, பிள்ளைகள் வேனில் வருகிறார்கள்.

“அந்த வேனே சாரு ஆரம்பிச்சு வெச்சதுதான்,” என்றார் பாலா. “நாங்க காடுட்டுக்குப் போனப்போ, பிள்ள கொறஞ்சா பள்ளிய மூடிருவாங்கன்னு சொந்தக் காசுல பழைய வேன் வாங்கி, அவரே ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல ஹாரன் அடிப்பாரு. ரிட்டையர் ஆனப்பறமும் ஓட்டுனாரு. இவ அதுல ஏறித்தான் படிச்சா.”

“வேன்லயே சொல்வதெழுதுதல் வெப்பாரு மேடம்,” என்றாள் யாழினி. “வண்டி குலுங்கும், கையெழுத்து கோணும். அதுக்கும் திட்டுவாரு.”

திரும்பும் வழியில் செம்பனைக் காட்டுக்கு நடுவே பாலாவின் கார் நின்றுவிட்டது. அப்பாவும் மகளும் தள்ள வேண்டும், ஸ்டீரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும். எனக்குச் சைக்கிளே தெரியாது. “நேரா புடிச்சுக்குங்க மேடம், வேற எதையும் தொடாதீங்க லா, அவ்ளோதான்” என்றார் பாலா. நான் நேராகத்தான் பிடித்தேன். சாலைதான் வளைந்தது. கார் போய்ப் பதவிசாகக் கால்வாய்க்குள் மூக்கை வைத்துக்கொண்டது. செம்பனைப் பழம் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். இழுக்கும் நேரமெல்லாம் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “யாரு ஓட்டுனது?” என்று கேட்டதற்கு, “நம்ம இந்தியாவுல இருந்து வந்த புரொபசர்” என்று பாலா பெருமையாக அறிமுகம் செய்துவைத்தார்.

சேலையில் பாதி சேறோடு அம்பாங்கானில் மாணிக்கம் சார் வீட்டுக்குப் போய் நின்றேன். மகன் குடும்பத்தோடு இருக்கிறார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, வீட்டுக்குள்ளேயே சட்டைப்பையில் பேனா. தட்டு நிறைய வடை வைத்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“விருதுநகரா? அங்கெல்லாம் இன்னும் ‘ழ’ இருக்கா?”

“இருக்குங்க ஐயா.”

“எங்க, வாழைப்பழம் சொல்லுங்க.”

நாக்கு உலர்ந்திருந்த நேரம். “வாளப்பளம்” என்று வந்துவிட்டது. எனக்கே காதில் விழுந்தது. அவர் திருத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டி, “நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி கொஞ்சம் பாத்துப் பேசுங்க” என்றார். அதற்கு மேல் ‘ச்’சைப் பற்றி நான் எந்த முகத்தோடு பேசுவது? பாலா பக்கம் திரும்பினேன். அவர் தலை நிமிராமல் வடை தின்றுகொண்டிருந்தார். யாழினி இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும், “சார், மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்றுதான் கேட்டாள்.

“நாளைக்குப் புதுச் சட்டை எடுத்து வெச்சிருக்கேன்,” என்றார் சார் வாசல்வரை வந்து. “நான் படிச்சுக் கொடுத்த பள்ளியில என் பிள்ள டீச்சரா நிக்கப் போவுது. இது எத்தன பேருக்குக் கிடைக்கும்?”

காரில் ஏறியதும் யாழினி அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். “வடை திங்கவாப்பா போனீங்க?”

“நீ சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிப்பா சொல்லுவேன்? வேன்ல வந்த பிள்ளைங்கள்ல யாரு பசியாறல, யாரு பசியாறுனான்னு மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சு ரொட்டி வாங்கிக் கொடுத்தவரு. அவருகிட்டப் போயி நீங்க தப்புன்னு…” அழுகையை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நான் சேலையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் பங்குக்கு நான் கிழித்ததுதான் ஊருக்கே தெரியுமே.

பாட நாள். மூன்றாம் வகுப்பு. மலர்விழியும் நானும் பக்கவாட்டில். பின்னால், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், புதுச் சட்டையும் மடக்கிய முழங்காலுமாக மாணிக்கம் சார். பாலா ஜன்னலுக்கு வெளியே நின்றார்; உள்ளே வந்தால் தனக்கே பரீட்சை வைத்ததுபோல் இருக்கும் என்றார், பாடம் நடத்தப் போவது அவர் இல்லை என்றாலும்.

யாழினி ஒரு பழைய மங்கைத் தூக்கிக் காட்டினாள். “இது என்ன?” ஒரு பையன் துள்ளி எழுந்தான். “ஐஸ்கிரீம் கப் டீச்சர்!” சார் சத்தமாகவே சிரித்தார். அவள் மரம், பால், மங்கு எல்லாம் சொல்லி, ‘வளர்ச்சி’ எழுதினாள். ‘மகிழ்ச்சி’ எழுதினாள். பிள்ளைகள் ஓடிவந்து ஒவ்வொரு ‘ச்’சுக்கும் மங்கு வரைந்தார்கள். சார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதற்கு அடுத்து ‘பயிற்’ என்று எழுதி, பேனாவோடு நின்றுவிட்டாள். மலர்விழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பட்ட இடம் ரெண்டு நாள் வலித்தது.

“இப்ப எல்லாரும் நல்லாப் பாருங்க,” என்றாள் யாழினி. “ர், ழ் ரெண்டும் சாது. பாலைப் புடிச்சு வெக்கத் தெரியாது. அதுக்குத்தான் மங்கு வெச்சோம். ஆனா இந்த ‘ற்’, இந்த ‘ட்’ இருக்கே, ரெண்டும் வல்லினம். கெட்டி. அதுவே மங்கு. மங்குக்குள்ள யாராச்சும் இன்னொரு மங்கு வெப்பாங்களா?”

“வெக்க மாட்டாங்க டீச்சர்!”

‘பயிற்சி’ என்று எழுதி முடித்தாள். கீழே ‘முயற்சி’. அதற்கும் கீழே ‘காட்சி’. ஒரு ‘ச்’ இல்லை. நான் ஒரு புத்தகத்திலும் இந்த விளக்கத்தைப் பார்த்ததில்லை. இனி விருதுநகரில் இதைத்தான் சொல்லப்போகிறேன், மங்குக்குப் பதில் எதை வைப்பது என்று யோசிக்க வேண்டும்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சார் எழுந்து பலகைவரை வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்று சொல்லையும் கிட்டே போய்ப் பார்த்தார்.

“யாரு சொன்னது?”

“இலக்கணம் சார்.”

“எப்பயிருந்து?”

“மொதல்லயிருந்தே சார்.”

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு நேரே வெளியே போய்விட்டார். யாழினி பாடத்தை நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்க, ‘ஆட்சி’யையும் எழுதி, பிள்ளைகளைச் சொல்லவைத்து, மணி அடிக்கும்வரை நடத்தி முடித்தாள். அன்றைக்கு நான் பார்த்ததுதான் ஆசிரியர் வேலை. எங்கள் பாடத்திட்டத்தில் அதற்கு ஓர் அலகு கிடையாது.

மலர்விழி அங்கேயே பாஸ் என்று சொல்லிவிட்டாள், அதுவும் முதல் தரத்தில். யாழினிக்கு அது காதில் ஏறவே இல்லை. “சார் எங்கப்பா?” என்று அப்பாவைக் கேட்டாள். சார் தன் மகனைக் கூப்பிட்டு, வண்டி வரவழைத்து, வீட்டுக்குப் போயிருந்தார். அன்று மாலை அவள் எத்தனையோ முறை போன் செய்தும் லைன் கிடைக்கவில்லை. எப்போது அடித்தாலும் அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகவே வந்தது. “என்கூடப் பேசாம யார்கூட மேடம் பேசுறாரு?” என்று என்னைக் கேட்டாள். பாஸ் ஆனதற்கு வாங்கிய கேக் வெட்டாமலே இருந்தது.

மறுநாள் காலை விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். இந்த முறை பாலா கேட்பதற்கு முன்பே பசியாறவில்லை என்று சொல்லி, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டேன். பின் சீட்டில் யாழினி தூங்காத கண்ணோடு வந்தாள். நெடுஞ்சாலையில் ஏறும்போது பாலாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“பாலா? பயிற்சி, முயற்சி, காட்சி. ‘இச்’ கிடையாது. எடுத்துடு.”

“தெரியும் சார், நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“தெரிஞ்சா போதுமாடா? எடுத்துட்டேன்னு சொல்லு.”

“எடுத்துட்டேன் சார்.”

“நேத்திலிருந்து என்கிட்டப் படிச்ச ஒவ்வொருத்தனையா கூப்பிட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கேன். லண்டன்ல இருக்கிறவ தூங்கிக்கிட்டு இருந்தா, எழுப்பிச் சொல்லிட்டேன். யாழினி பக்கத்துல இருக்கா? அந்தப் பிள்ள நல்லா நடத்துனா. மங்குக்குள்ள மங்கு! எனக்குத் தோணல பாரு.”

யாழினி முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினாள். “சார், என் மேல கோவமா?”

“கோவப்பட ஏதும்மா நேரம்? இன்னும் பாதிப் பேருக்குச் சொல்லணும்.” மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. மறுபடி வந்த குரலில் அந்த வேகம் இல்லை. “உங்கப்பாகூடப் படிச்ச ஆறுமுகத்துக்குத்தான் சொல்ல முடியல. போன மாசம் போயிட்டான். நல்ல பையன். அந்த ‘இச்’சோடவே போயிட்டான்.”

பாலா வண்டியை ஓரமாக நிறுத்தினார். யாழினிதான் மெதுவாகச் சொன்னாள்.

“விடுங்க சார். அங்கெல்லாம் யாரும் எழுத்துப் பிழை பாக்க மாட்டாங்க.”

“பாக்காம?” என்றார் சார். “நான் அங்க வந்து பாப்பேன்னு அவனுக்குத் தெரியும்.”